4,500 மீட்டரில் மேயும் செம்மறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திபெத்தியச் செம்மறியைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது "அந்தக் காற்றில் எப்படி மூச்சு விடுகிறது?" என்ற கேள்விதான். நல்ல கேள்வி, ஆனால் அந்த ஆட்டின் வாழ்க்கையில் அது பாதிக் கதை. மீதிக் கதை பசி, புழு, பனி, நாய். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

திபெத்தியச் செம்மறி என்பது ஒரே இனமா?

பெயர் ஒன்று, ஆடு பல. திபெத் தன்னாட்சிப் பகுதி, சிங்ஹாய், கான்சுவின் தென்பகுதி, சிச்சுவானின் மேற்குப் பகுதி எனப் பீடபூமி முழுக்கப் பரவியிருப்பதால் இடத்துக்கு இடம் உருவம் மாறுகிறது. பொதுவாக மூன்று வகை சொல்வார்கள். திறந்த புல்வெளியில் மேயும் புல்வெளி வகைக்கு நீண்ட கம்பளியும், பக்கவாட்டில் முறுக்கி விரியும் கொம்பும் உண்டு. யார்லுங் சாங்போ போன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வயலோரம் வளரும் பள்ளத்தாக்கு வகை உருவத்தில் சிறியது. கான்சுவின் மாச்சு, சிங்ஹாயின் ஹெனான் பக்கம் இருக்கும் ஓலா வகை பெரிய உடம்புக்காரன்: கம்பளி கொஞ்சம், இறைச்சி அதிகம், கழுத்திலும் நெஞ்சிலும் பழுப்புத் திட்டு.

அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவா?

விகிதம் குறையாது. கடற்கரையிலும் 21 சதவீதம்தான், 4,500 மீட்டரிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 4,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதாவது ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜன் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். விமானத்தில் லே போய் இறங்கி, முதல் நாள் மாடிப்படி ஏறவே இளைத்தவர்களுக்கு இது புரியும். லே வெறும் 3,500 மீட்டர். இந்த ஆடுகளில் பல அதைவிட 1,000 மீட்டர் மேலே பிறந்து, அங்கேயே ஓடி, அங்கேயே குட்டி போடுகின்றன.

கீழ்நாட்டுக் கால்நடையை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்?

மாடாக இருந்தால் ஆபத்து. அமெரிக்காவில் கொலராடோ மலைப் பண்ணைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்தார்கள். மேலே ஏற்றிய மாடுகளில் சில சோர்ந்துபோகும், கழுத்துக்குக் கீழே நெஞ்சுப் பக்கம் நீர் கோத்துத் தொங்கும், பிறகு செத்துப்போகும்.

நுரையீரலின் ஒரு மூலையில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கும். நல்ல காற்று இருக்கும் பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிட உடம்பு செய்யும் ஏற்பாடு அது. ஆனால் மலை மேலே நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு. எல்லாக் குழாயும் ஒன்றாகச் சுருங்கினால் இதயத்தின் வலப்பக்கம் அடைத்த குழாயில் தண்ணீர் தள்ளும் மோட்டார் மாதிரி திணறும். மாட்டின் நுரையீரல் தமனிகளில் தசைச் சுவர் தடிமன் என்பதால் சுருக்கமும் பலமாக இருக்கும்.

செம்மறிக்கு இயல்பிலேயே இந்தச் சுருக்கம் குறைவு. திபெத்திய ஆடு மட்டுமல்ல, சமவெளிச் செம்மறியும் இந்த விஷயத்தில் மாட்டைவிடத் தப்பித்தது. மலையேறும் பயணத்தைச் செம்மறி வெறுங்கையோடு தொடங்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டு, எல்லாப் பெருமையையும் ஒரு மரபணுவின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்த ஒரு மரபணு எது?

ஈபாஸ்-1. பெயர் மிரட்டினாலும் வேலை எளிமையானது. உடம்பில் ஹிஃப் என்ற புரதக் குடும்பம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதி அதற்குக் குறி போட்டு அழிக்கச் சொல்லிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த நொதியால் வேலை செய்ய முடியாது. ஹிஃப் பிழைத்து, உட்கருவுக்குள் போய், "சிவப்பணு அதிகம் செய், புதிய ரத்தக்குழாய் போடு" என்று வரிசையாக மற்ற மரபணுக்களை எழுப்பிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2019இல் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஈபாஸ்-1 அந்த ஹிஃப் குடும்பத்து உறுப்பினர் ஒன்றைத் தயாரிக்கும் மரபணு.

2016இல் வெளியான ஒரு மரபணுத்தொகுதி ஆய்வு, திபெத்தியச் செம்மறிகளையும் கீழ்நாட்டுச் செம்மறிகளையும் ஒப்பிட்டபோது இந்த ஈபாஸ்-1 பகுதியில் இயற்கைத் தேர்வின் தடம் தெரிந்தது. அங்கிருக்கும் மாற்றம் சிவப்பணுவின் அளவோடும், அதற்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதோடும் தொடர்புடையதாக வந்தது.

சுவாரசியம் என்னவென்றால், திபெத்திய மனிதர்களிடமும் தேர்வு விழுந்திருப்பது இதே மரபணுவில்தான். திபெத்திய மாஸ்டிஃப் நாயிடமும் அப்படியே. ஒரே மலை, வேறு வேறு உயிர்கள், ஒரே பூட்டில் கைவைத்திருக்கின்றன. அதற்காக மூன்றும் ஒரே மாற்றத்தைச் செய்துகொண்டன என்று நினைத்துவிடக் கூடாது. மரபணு ஒன்றுதான், அதில் விழுந்த மாற்றங்களும் அவை வந்த வழியும் வேறு.

சிவப்பணு அதிகமானால் நல்லதுதானே? பிறகென்ன சிக்கல்?

அளவோடு இருந்தால் நல்லது. கூடிக்கொண்டே போனால் ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகும். கெட்டி ரத்தத்தைத் தள்ள இதயம் பாடுபடும், சிறு குழாய்களில் ஓட்டம் குறையும். ஆண்டீஸ் மலையில் வாழும் மனிதர்கள் சிலருக்கு வரும் நாள்பட்ட மலைநோய் இதுதான். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோன்ஹே 1920களில் விவரித்தது. ஆக்சிஜன் குறைவுக்கு உடம்பு பதறியடித்துப் பதில் சொல்லாமல் நிதானமாகச் சொல்லவேண்டும். திபெத்திய மனிதர்களிடம் ஈபாஸ்-1 மாற்றம் செய்வது இந்த நிதானப்படுத்தும் வேலையைத்தான்.

ஆட்டின் ரத்தத்தை அளப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. செம்மறியின் சிவப்பணு மிகச் சிறியது. மனிதருடையது ஏழரை மைக்ரான் விட்டம் என்றால் இது நாலரை. எண்ணிக்கை அதற்கேற்ப அதிகம். மண்ணீரலிலும் ஏராளமான சிவப்பணுக்களைச் சேர்த்துவைத்திருக்கும். ஆட்டைத் துரத்திப் பிடித்து, மடக்கி, கழுத்தில் ஊசி போடுவதற்குள் அது பயந்துவிட்டால் மண்ணீரல் சுருங்கி அந்த இருப்பையெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். அமைதியாக நிற்கும் ஆட்டில் எடுத்த அளவும் ஓடிக் களைத்த ஆட்டில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. ரத்த எண்களைப் படிக்கும்போது, எடுத்தவர் ஆட்டை எப்படிப் பிடித்தார் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் வரும்.

காட்டு ஆட்டோடு கலந்ததால்தான் இந்தத் திறமை வந்தது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. பீடபூமியில் அர்காலி என்ற காட்டுச் செம்மறி இருக்கிறது. நல்ல கிடா 100 கிலோவைத் தாண்டும். மனிதன் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேலே வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அது அங்கே வாழ்கிறது. வீட்டுச் செம்மறிக்குக் குரோமோசோம் 54, அர்காலிக்கு 56. எண்ணிக்கை வேறானாலும் கலப்பில் பிறக்கும் குட்டி பெரும்பாலும் மலடு ஆவதில்லை. பட்டியை விட்டு மேயப்போன பெட்டையாட்டைக் காட்டுக் கிடா மறித்தால் கதை முடிந்தது.

2019இல் வந்த ஆய்வொன்று 986 மாதிரிகளை வைத்து இதைக் கணக்குப் போட்டது. அர்காலியோடு ஒரே இடத்தில் வாழும் திபெத்தியச் செம்மறிகளின் மரபணுத்தொகுதியில் 5.23 முதல் 5.79 சதவீதம் வரை அர்காலியிடமிருந்து வந்தது. அப்படி வந்த துண்டுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைத் தயாரிக்கும் மரபணு. அதாவது ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கும் கூடையையே காட்டு உறவினரிடம் வாங்கியிருக்கிறது. இன்னொன்று கொம்புக்கானது.

மனிதர் கதையும் இப்படித்தான் போகிறது. திபெத்தியர்களின் ஈபாஸ்-1 வடிவம் அழிந்துபோன டெனிசோவ மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2014இல் தெரிந்தது. மாஸ்டிஃப் நாய்க்குக் கொடுத்தது ஓநாய். புதிதாக மலையேறி வந்தவர்கள் பழைய குடிகளிடமிருந்து கைமாற்றாக வாங்கிக்கொண்டார்கள். தானாக ஒரு நல்ல மாற்றம் உருவாகும்வரை காத்திருப்பதைவிட இது வேகமான வழி.

ஹீமோகுளோபினில் அப்படி என்ன வித்தியாசம்?

உலகெங்கும் செம்மறிகளில் ஏ, பி என்று இரண்டு ஹீமோகுளோபின் வகைகள் உண்டு. ஏ வகை ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிக்கும், பி வகை கொஞ்சம் தளர்வாக. காற்று மெல்லிதாக இருக்கும் இடத்தில் நுரையீரலில் கிடைப்பதை விடாமல் பிடித்துக்கொள்வது லாபம். சமவெளியில் அந்த இறுக்கத்தால் பெரிய லாபம் இல்லை. ஏ வகை ஆடுகளுக்கு ரத்தசோகை வந்தால் சி என்ற மூன்றாவது வகை தலைகாட்டும். பி மட்டுமே உள்ள ஆடுகளிடம் அந்த மரபணுவே கிடையாது.

எப்போது மேலே ஏறின?

செம்மறி மேற்காசியாவில் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டு விலங்கானது. வட சீனம் வழியாகப் பீடபூமியின் வடகிழக்கு ஓரத்தை எட்டியது சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன்பு, அங்கிருந்து தென்மேற்காகப் பீடபூமியின் நடுவுக்குப் பரவியது சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு என்று அதே 2019 ஆய்வின் மரபணுக் கணக்கு சொல்கிறது. இரண்டாவது பயணம் சீனாவின் தாங் பேரரசையும் திபெத்தையும் இணைத்த பழைய சாலையோடு ஒத்துப்போகிறது. தாங் இளவரசி வென்சங் 641இல் திபெத்திய மன்னர் சொங்சென் கம்போவை மணக்க லாசா போனது அந்தப் பக்கமாகத்தான்.

மனிதரும் தனியாக ஏறவில்லை. 3,000 மீட்டருக்கு மேலே ஆண்டு முழுக்கக் குடியிருப்பது சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்புதான் பரவலானது என்கிறது தொல்லியல். குளிரைத் தாங்கும் பார்லியும் செம்மறியும் கைக்கு வந்த பிறகு. தொல்லியல் கணக்கும் மேலே சொன்ன மரபணுக் கணக்கும் இங்கே சில நூறு ஆண்டுகள் வேறுபடுகின்றன.

பெட்டையாட்டுக்கும் கொம்பு இருக்கிறதே?

ஆமாம், புல்வெளி வகையில் இரண்டுக்கும் உண்டு. கொம்பின் வடிவத்தை நிர்ணயிப்பதில் ஆர்எக்ஸ்எஃப்பி-2 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. மேலே சொன்ன அர்காலி சொத்தில் இதுவும் சேர்த்தி. காட்டில் பாதி, பட்டியில் பாதி என்று வாழ்வதால் கொம்பு மறுபடி காட்டு ஆட்டின் போக்கில் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

காற்றுக்குப் பழகிவிட்டது, சரி. அப்புறம் ஏன் இத்தனை ஆடுகள் சாகின்றன?

பசியால். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே புல் வளர்வது ஆண்டில் நாலைந்து மாதம். மேய்ச்சல்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு: கோடையில் தேறும், இலையுதிர் காலத்தில் கொழுக்கும், குளிரில் இளைக்கும், வசந்தத்தில் சாகும். வசந்தத்தில் எப்படிச் சாகும் என்று கேட்பீர்கள். பனி உருகுகிறது, ஆனால் புது இலை இன்னும் வரவில்லை. உடம்பிலிருந்த கொழுப்பு தீர்ந்துவிட்டது. பெட்டை அப்போது நிறைசினை, அல்லது குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அந்தச் சமயத்தில் பெரும் பனி ஒன்று விழுந்து காய்ந்த புல்லையும் மூடிவிட்டால், ஒரு குடும்பத்தின் மந்தையே போய்விடும்.

இந்தப் பசிக்கும் ஒரு தகவமைப்பு இருக்கிறது. பெருவயிற்று நுண்ணுயிர்களில். யாக் என்ற மலைமாட்டையும் திபெத்தியச் செம்மறியையும் கீழ்நாட்டு மாட்டோடும் செம்மறியோடும் ஒப்பிட்ட 2016 ஆய்வில், மலை விலங்குகளின் பெருவயிறு ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை அதிகமாகவும் மீத்தேனைக் குறைவாகவும் தயாரிப்பது தெரிந்தது. அசைபோடும் விலங்குக்கு அந்த அமிலங்கள்தான் எரிபொருள். மீத்தேன் ஏப்பமாக வெளியே போகும் நட்டம். ஒரே கைப்பிடிப் புல்லிலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்தெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபணுவுக்குக் கிடைக்கும் விளம்பரம் இந்த நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஈற்றுக்கு எத்தனை குட்டி?

பெரும்பாலும் ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை. இரட்டை அபூர்வம். இதைக் குறை என்று சொல்லி, பல குட்டி போடும் மரபணுவைக் கலப்பின் மூலம் புகுத்தும் ஆசை வளர்ப்புத் துறையில் எப்போதும் உண்டு. கொட்டிலில் தீவனம் போட்டு வளர்ப்பவருக்கு அது சரி. ஏப்ரலில் வெறும் மண்ணை நக்கும் பெட்டைக்கு இரண்டு குட்டி என்றால், மூன்றும் போய்விடலாம்.

சிலி நாட்டின் மலைகளில் நடந்த ஆய்வுகளும் இங்கே பொருந்தும். கீழேயிருந்து மேலே கொண்டுவரப்பட்ட சினை ஆடுகளின் குட்டிகள், தலைமுறையாக மேலே வாழும் ஆடுகளின் குட்டிகளைவிட எடை குறைந்து பிறந்தன. கருப்பையில் ஆக்சிஜன் நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுவது குட்டியின் வளர்ச்சி.

எந்த நோய்க்கு அதிகம் பயப்படவேண்டும்?

நீர்க்கட்டி நோய். ஆட்டுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் திபெத்தியப் பீடபூமி ஒன்று.

காரணம் ஒரு சின்ன நாடாப்புழு. நாயின் குடலில் இருக்கும், நீளம் சில மில்லிமீட்டர்தான். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுகிறது. ஆடு மேயும்போது உள்ளே போய், ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் நிறைந்த கட்டியாக வளர்கிறது. ஆட்டை அறுக்கிறார்கள். கட்டி விழுந்த ஈரலை யாரும் சமைக்க மாட்டார்கள். காவல் நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. தூக்கிப் போட்டால் தின்றுவிடும். வட்டம் முழுமை. நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்டை, அதைக் கொஞ்சும் குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போனால் மனித ஈரலிலும் அதே கட்டி. வளர ஆண்டுக்கணக்கில் ஆகும், தெரியவரும்போது அறுவை சிகிச்சை.

நாயைக் கொல்வதைப் பௌத்தம் ஏற்காது என்பதால் தெருநாய்களும் அதிகம். உள்ளூர் வழக்கத்தோடு மல்லுக்கட்டாத வழிகள்தான் நிலைக்கும்: நாய்க்குத் தவறாமல் பிராசிகுவான்டெல் என்ற புழுநீக்க மாத்திரை, அறுத்த ஆட்டின் கெட்ட உறுப்பைப் புதைப்பது அல்லது எரிப்பது, ஆட்டுக்கு ஈஜி-95 தடுப்பூசி.

கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்றால் நமக்கு வருமா?

வராது. கட்டியிலிருந்து நேராக மனிதருக்குத் தொற்றாது, நடுவில் நாய் வேண்டும். கறிக்கடையைப் பார்த்துப் பயந்துவிட்டு நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவது தலைகீழ் எச்சரிக்கை.

வேறு நோய்கள்?

ஆட்டுக்கொல்லி நோய் சீனாவில் முதன்முதலாகப் பதிவானது 2007இல், திபெத்தின் மேற்குக் கோடியில் உள்ள ங்காரிப் பகுதியின் ருதோக்கில். மலையில் இருந்தால் கிருமி வராது என்ற எண்ணத்தை அது உடைத்தது. மண்ணில் செலினியம் குறைவான இடங்களில் குட்டிகளின் தசை வெளிறிப்போய் எழுந்து நிற்க முடியாமல் ஆகும். பிறகு விஷப்பூண்டுகள். அவரைக் குடும்பத்துச் செடிகள் சில பசுமையாக இருக்கும், மற்ற புல் தீர்ந்த பிறகு ஆடு அதைத் தின்னத் தொடங்கும். அதிலுள்ள ஸ்வைன்சோனின் என்ற நச்சு செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும், நரம்பு செல்கள் வீங்கும். ஆடு தலையை ஆட்டும், தள்ளாடும், சினை கலையும். சீன மொழியில் இந்தப் பூண்டுக்குக் குதிரையைப் போதையாக்கும் புல் என்று பெயர். இங்கேயும் பாருங்கள், வேர் பசியில்தான் இருக்கிறது.

பஷ்மினா இந்த ஆட்டிலிருந்துதானே?

இல்லை. பஷ்மினா வெள்ளாட்டின் அடிமயிர். திபெத்தியச் செம்மறியின் கம்பளி நீளமும் முரடும் கலந்தது, கம்பளத்துக்கு ஏற்றது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சினிங் கம்பளி என்ற பெயரில் தியென்சின் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது இதுதான்.

மெல்லிய கம்பளிக்காகக் கலப்பினம் செய்தால் என்ன?

1950களிலிருந்து செய்துவருகிறார்கள், சிங்ஹாய் மென்கம்பளி ஆடு போன்ற இனங்கள் அப்படி வந்தவைதான். தீவனமும் கொட்டிலும் இருக்கும் பண்ணையில் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை வெளிக் கிடாவைச் சேர்க்கும்போதும், 3,000 ஆண்டுகள் சேர்த்த மரபணுக்களில் பாதி அந்தக் குட்டியில் கழிகிறது. கம்பளியின் விலையை மட்டும் பார்த்துக் கிடா தேர்ந்தெடுப்பவர்கள் ஏப்ரல் மாதத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. திபெத்திய ஆடு என்ற பெயரிலேயே அருணாசலப் பிரதேசத்தை வாழிடமாகக் கொண்ட இனம் இந்திய இனப் பட்டியலில் உள்ளது. வட சிக்கிமில் லாச்சென்னுக்கு மேலே தோக்பா இடையர்களும் வைத்திருக்கிறார்கள். 1962க்குப் பிறகு எல்லை மூடப்பட்டதால் பழைய குளிர்கால மேய்ச்சல் நிலங்களும் புதுக் கிடாக்களும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. சிறிய மந்தைக்குள்ளேயே இனம் பெருகினால் என்ன ஆகும் என்பதை ஆடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. லடாக்கில் சாங்பா மக்கள் வளர்ப்பது சாங்தாங்கி. அதுவும் அதே உயரத்துக்காரன்தான்.

நம் ஊரில் வளர்க்கலாமா?

வேண்டாம். அவ்வளவு கம்பளியோடு நம் வெயிலில் அது படும் பாடு ஒரு பக்கம். ஈரமும் சூடும் உள்ள இடத்தில் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்கள் அதைத் தின்றுவிடும். நம் செம்மறிகள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய எதிரி அது, இதற்கோ புதிது.

கம்பளி, கறி தவிர வேறு என்ன பயன்?

முன்பு சுமையும் தூக்கியது. வடக்கே ஏரிக்கரைகளில் அள்ளிய உப்பைச் சிறு பைகளில் கட்டி, ஆட்டின் முதுகில் இருபக்கமும் தொங்கவிட்டு, தெற்கே தானியத்துக்கு மாற்றிக்கொள்ள ஓட்டிவருவார்கள். ஓர் ஆட்டுக்குப் பத்து கிலோ வாக்கில். போகும் வழியெல்லாம் மேய்ந்துகொண்டே போகும் என்பதால் தீவனச் செலவு கிடையாது.

பாலும் உண்டு. கறக்கும் முறை பார்க்க அழகு. பெட்டைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் கழுத்து அடுத்ததன் கழுத்தோடு பின்னுமாறு ஒரே நீளக் கயிற்றால் கோத்துவிடுவார்கள். தலைகள் எல்லாம் நடுவில், பின்பக்கம் எல்லாம் வெளியே. பெண்கள் வரிசையின் பின்னாலேயே நகர்ந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டு போவார்கள். முடிந்ததும் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் முடிச்சுகள் வரிசையாக அவிழ்ந்து, ஆடுகள் ஒரே ஓட்டமாகக் குட்டிகளைத் தேடிப் போகும்.

சில ஆடுகளின் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறதே, அடையாளமா?

அது ட்சேதார். உயிர்விடுதலை என்று பொருள். வீட்டில் ஒருவர் நோய் பிழைத்தாலோ வேண்டுதல் இருந்தாலோ ஓர் ஆட்டுக்கு நூல் கட்டி விட்டுவிடுவார்கள். அதை அறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பல் தேய்ந்து, தானாக விழும்வரை மந்தையோடு மேயும்.